உங்களுக்குத் தெரியுமா? போதை, சிறை, போலீஸ் கல்லாப்பெட்டி

சேவல் மேல் வழக்கு

அமெரிக்க நீதிமன்றங்களின் வழக்குப் பட்டியலில் எதிர்த்தரப்பின் பெயரைப் படித்தால் சில இடங்களில் சிரிப்பு வந்துவிடும். ‘அமெரிக்க அரசு எதிர் சேவல் வடிவத் தங்கப் பொருள் ஒன்று.’ ‘அமெரிக்க அரசு எதிர் ஏறக்குறைய 64,695 பவுண்டு சுறாத் துடுப்பு.’ ‘அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்.’ மூன்றும் நிஜ வழக்குகள். சிவில் பறிமுதல் என்பது அங்கே இப்படித்தான். வழக்கு ஆள் மேல் இல்லை, பொருள் மேல். சொந்தக்காரர் மேல் குற்றப்பத்திரிகையே போடாமல் அவருடைய காரை, பணத்தை, வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் என்ற உரிமையும் பெரும்பாலும் இந்த வழக்குகளில் கிடையாது. அது கூண்டில் நிற்கும் ஆளுக்குத்தானே, காருக்கா?

சேவலையும் சுறாவையும் விடுங்கள், மூன்றாவதைப் பாருங்கள். நெப்ராஸ்கா மாநில நெடுஞ்சாலையில் வேகமாகப் போன ஒரு வாடகைக் காரை நிறுத்துகிறார்கள். உள்ளே ஒரு ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டிக்குள் நோட்டுக் கட்டுகள். போதைப்பொருள் ஒரு சிட்டிகைகூட இல்லை. நண்பர்கள் சேர்ந்து போட்ட பணம், குளிர்சாதன லாரி வாங்கக் கொண்டுபோனேன் என்றார் ஓட்டியவர். முதலில் பணமே இல்லை என்று அவர் சொன்ன பொய் அவருக்கே வினையாயிற்று. போலீஸ் நாயும் மோப்பம் பிடித்து ‘ஆமாம்’ என்றது. 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பறிமுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. அவர் மேல் போதை வழக்கு எதுவும் இல்லை.

ஒரு சிகரெட், ஒரு படகு

வாடகைக்கு விட்ட உல்லாசப் படகு ஒன்றில் போர்ட்டோ ரிக்கோ அதிகாரிகள் கண்டெடுத்தது ஒரே ஒரு கஞ்சா சிகரெட். படகு பறிமுதல். படகின் சொந்தக்காரரான நிறுவனத்துக்கு விஷயமே தெரியாது என்பதை யாரும் மறுக்கவில்லை. 1974-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தெரியாவிட்டாலும் பறிமுதல் பறிமுதல்தான்.

பங்காளி போலீஸ்

1984 வரை மத்திய அரசு பறிமுதல் செய்த பணம் பொதுக் கருவூலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதிபர் ரீகன் காலத்தில் அந்த ஆண்டு வந்த குற்றத் தடுப்புச் சட்டம் கணக்கை மாற்றி எழுதியது. மத்திய நீதித் துறைக்கென்று ஒரு பறிமுதல் நிதி பிறந்தது. உள்ளூர் போலீஸ் பிடித்த சொத்தை மத்திய அரசு வழியாகப் பறிமுதல் செய்தால், அதில் 80 சதவீதம் வரை அந்தக் காவல் துறைக்கே திரும்பி வரும். 1986-இல் அந்த நிதிக்கு வந்தது 9.37 கோடி டாலர். 2014-இல் வந்தது சுமார் 450 கோடி டாலர்.

போதை மீட்பு சிகிச்சைக்கு இவ்வளவு என்று அந்தப் பங்கீட்டில் தனிக் கூறு எதையும் சட்டம் எழுதி வைக்கவில்லை. கீழே வரும் பல துணுக்குகளுக்கு வேர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

மேற்கே போகிறவனைப் பிடி

டென்னசி மாநிலத்தின் 40-ஆம் எண் நெடுஞ்சாலையில், மெக்சிகோ எல்லைப் பக்கமிருந்து வரும் சரக்கு கிழக்கே போகும், விற்ற காசு மேற்கே திரும்பும். 2011-இல் நாஷ்வில் தொலைக்காட்சி நிருபர்கள் போதைத் தடுப்புப் படைகளின் ஆவணங்களை எடுத்துப் பார்த்தார்கள். படையினர் நிறுத்திய வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை மேற்கே போகிறவை. ஊருக்குள் வரும் விஷத்தை விட்டுவிட்டு, ஊரைவிட்டுப் போகும் காசுக்குக் காத்திருந்திருக்கிறார்கள். போலீஸை மட்டும் திட்டிப் பயனில்லை. சரக்கைப் பிடித்தால் எரிக்க வேண்டும், காசைப் பிடித்தால் வண்டி வாங்கலாம் என்று விதி எழுதியது சட்டம்.

மது கலக்கும் இயந்திரம்

டெக்சஸில் மாண்ட்கமரி மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் பறிமுதல் நிதியிலிருந்து வாங்கிய சாமான்களில் ஒன்று, மார்கரிட்டா கலக்கும் இயந்திரம். மார்கரிட்டா என்பது டெகிலா ஊற்றிச் செய்யும் மது. ஊர்த் திருவிழாச் சமையல் போட்டியில் அதை வைத்துக் கலக்கியிருக்கிறார்கள். போதை ஒழிப்புப் பணத்தில்!

கையெழுத்துப் போட்டால் பிள்ளை உங்களுக்கு

அதே டெக்சஸ், லூசியானா எல்லையோரம் டெனஹா என்ற சிற்றூர். மக்கள்தொகை ஆயிரத்துச் சொச்சம். 2006-இலிருந்து 2008 வரை அந்த வழியாகப் போன வெளியூர்க்காரர்களை, அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், நிறுத்தி ரொக்கத்தையும் நகையையும் வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சோதனையில் போதைப்பொருள் சிக்காவிட்டாலும் ஒரு தாளை நீட்டுவார்கள். பணத்தை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டால் வழக்கில்லை, போகலாம். இல்லையென்றால் பணச் சலவை வழக்கு, பிள்ளைகள் அரசுக் காப்பகத்துக்கு. காரின் பின் சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் சட்டம் பேசுவாள்? கையெழுத்துகள் விழுந்தன. இப்படிச் சேர்ந்தது சுமார் 30 லட்சம் டாலர். பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2012-இல் சமரசத்தில் முடிந்தது.

திருடன் எடுத்தது குறைவா?

2014-இல் மத்திய நீதித் துறையும் கருவூலத் துறையும் பறிமுதல் நிதிகளில் வரவு வைத்தது 500 கோடி டாலர் அளவுக்கு. அதே ஆண்டு நாடு முழுக்க வீடு புகுந்து திருடியவர்கள் கொண்டுபோனது 400 கோடிக்கும் குறைவு. மேடைகளில் கைதட்டல் வாங்கும் ஒப்பீடு இது. கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 500 கோடியில் பெரும் பங்கு, மேடாஃப் மோசடி போன்ற பெரிய நிதிக் குற்றங்களில் வங்கிகள் கட்டியது. நெடுஞ்சாலையில் மடக்கிய பணம் மட்டுமல்ல.

புகாட்டி காரும் 5 மைல் வேகமும்

டைசன் டிம்ஸ், இண்டியானா மாநிலத்துக்காரர். கால் வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையில் தொடங்கியது அவர் பழக்கம், ஹெராயினில் வந்து நின்றது. அப்பா இறந்ததும் வந்த ஆயுள் காப்பீட்டுப் பணத்தில் ஏறக்குறைய 42,000 டாலருக்கு ஒரு லேண்ட் ரோவர் வாங்கினார். மிச்சப் பணம் ஊசியில் போயிற்று. 2013-இல் மாறுவேடப் போலீஸிடம் இரண்டு தடவையாக மொத்தம் 385 டாலருக்கு ஹெராயின் விற்று மாட்டிக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்ட குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 10,000 டாலர். நீதிபதி சிறைக்கு அனுப்பவில்லை. ஓராண்டு வீட்டுக்காவல், ஐந்தாண்டு கண்காணிப்பு, கூடவே போதை மீட்பு சிகிச்சை. சரியான தீர்ப்பு என்றே தோன்றும். ஆனால் லேண்ட் ரோவரை மாநில அரசு தனி வழக்குப் போட்டு வைத்துக்கொண்டது. வேலைக்குப் போ, சிகிச்சைக்குப் போ, கண்காணிப்பு அதிகாரியைப் பார் என்று ஒரு கை உத்தரவு போட, இன்னொரு கை கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டது.

பஸ் வசதி இல்லாத அமெரிக்கச் சிறு நகரத்தில் கார் இல்லாதவன் கால் இல்லாதவன் மாதிரி.

வழக்கு வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் வரை போனது. வாதத்தின்போது நீதிபதி பிரேயர் இண்டியானா அரசின் வக்கீலிடம் கேட்டார்: வேக வரம்பை 5 மைல் தாண்டினால் ஒருவருடைய புகாட்டி காரையே ஒரு மாநிலம் பறிமுதல் செய்யலாமா? வக்கீல் சுற்றி வளைத்துப் பார்த்தார். கடைசியில், அரசியல் சட்டத்தின் ‘மிகையான அபராதம்’ தடை இதற்குப் பொருந்தாது என்ற பதிலில்தான் வந்து நின்றார். நீதிமன்றத்தில் சிரிப்பு. 2019 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து டிம்ஸ் பக்கம் நின்றார்கள். மிகையான அபராதத்துக்கு எதிரான தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்ற தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். வழக்கு திரும்ப இண்டியானாவுக்குப் போய், கார் அவர் கைக்கு வந்தது 2020 மே மாதம். ஏழு வருஷம்.

மகனைச் சேர்த்துவிட்டு வந்தால் வீட்டுக்குப் பூட்டு

2014, ஃபிலடெல்ஃபியா. 40 டாலருக்கு ஹெராயின் விற்றதாக ஒரு குடும்பத்தின் மகனைப் பிடித்தார்கள். நீதிமன்றம் அவனைச் சிகிச்சைக்குப் போகச் சொன்னது. பெற்றோர் அவனை மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோன அன்றே வீட்டைப் போலீஸ் பூட்டிவிட்டது. பெற்றோர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. வீட்டுக்குள் திரும்ப வேண்டுமானால் மகன் அங்கே கால் வைக்கக் கூடாது என்று நிபந்தனை. சிகிச்சை முடித்து வருகிற பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு வீடு. அதையே எடுத்துவிட்டால் அவன் பழைய தெருமுனைக்குத்தானே போவான்?

அந்த ஊர் நகர மன்றக் கட்டடத்தில் 478 என்று ஓர் அறை. பெயர் நீதிமன்றம், ஆனால் உள்ளே நீதிபதி இருக்க மாட்டார். சொத்தைப் பறிகொடுத்தவர்கள் போய் நின்றால், அவர்களோடு பேசியது, தவணை கொடுத்தது எல்லாமே பறிமுதல் கேட்ட அரசு வழக்கறிஞர்கள்தான். பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல். குடும்பங்கள் சேர்ந்து வழக்குப் போட்டன. 2018-இல் நகரம் இறங்கி வந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு 30 லட்சம் டாலர் நிதி ஒதுக்க ஒப்புக்கொண்டது.

தீர்ப்பு வரும் முன்பே போய்விட்டவர்

கையில் ஊசித் தழும்பு இருந்தது. அதுதான் சாட்சி. 1960-இல் லாஸ் ஏஞ்சலிஸில் லாரன்ஸ் ராபின்சன் என்பவரைப் பிடித்தபோது அவரிடம் சரக்கு எதுவும் இல்லை. போதைக்கு அடிமையாக இருப்பதே கலிஃபோர்னியாவில் அப்போது குற்றம், குறைந்தது 90 நாள் சிறை. உச்ச நீதிமன்றம் 1962 ஜூனில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அடிமைத்தனம் ஒரு நோய்நிலை, சளி பிடித்ததற்காக ஒருவனை ஒரு நாள் உள்ளே வைத்தாலும் அது கொடூரத் தண்டனைதான் என்பது நீதிபதி ஸ்டூவர்ட் எழுதியதன் சாரம். ராபின்சன் அதைக் கேட்க இல்லை. தீர்ப்புக்குச் சுமார் பத்து மாதம் முன்பே இறந்துவிட்டார்.

தீர்ப்பின் எல்லை சிறியது. அடிமையாக இருந்தால் குற்றமில்லை, ஆனால் சரக்கு வைத்திருந்தால் குற்றம். சரக்கே இல்லாத போதை அடிமை உலகத்தில் எங்கே இருக்கிறான்?

பண்ணையில் மருத்துவமனை, மருத்துவமனையில் சிறை

1935-இல் கென்டகி மாநிலம் லெக்சிங்டனில் மத்திய அரசு ஒரு போதைப் பண்ணை திறந்தது. அரசே வைத்த பெயர் அதுதான். தண்டனைக் கைதிகளும் தானாக வந்து சேர்ந்தவர்களும் ஒரே கூரையின் கீழே. மாடு கறக்க வேண்டும், வயலில் இறங்க வேண்டும், மரச்சாமான் செய்ய வேண்டும். சன்னி ராலின்ஸ், செட் பேக்கர் போன்ற ஜாஸ் மேதைகள் வந்து தங்கியதில் அங்கே நடந்த கச்சேரிகள் பேர் வாங்கின. வெளியே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுபடி பழக்கத்துக்குத் திரும்பினார்கள். அங்கே நடந்த ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்த கைதிகளுக்குக் கூலியாகப் போதைமருந்தே தரப்பட்டது என்பது 1970-களில் செனட் விசாரணையில் வெளிவந்தது. சிகிச்சை என்று பெயர் வைத்துவிட்டாலே எல்லாம் சரியாகிவிடாது.

ஊருக்குத் திரும்பியதும் விட்டுப்போன பழக்கம்

வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கோ அபினுக்கோ அடிமையானதாகத் தாமே சொன்னார்கள். ஊர் திரும்பினால் நாடே நாறிவிடும் என்று வாஷிங்டனுக்குப் பயம். சிறுநீர்ச் சோதனையில் தேறினால்தான் விமானம் ஏறலாம் என்று உத்தரவு போட்டார்கள். திரும்பியவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் லீ ராபின்ஸ். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமைநிலைக்குப் போனவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இடம் மாறியது, கூட்டாளி மாறினான், பயம் போயிற்று, பழக்கமும் போயிற்று. இந்த எண்ணை முதலில் யாரும் நம்பவில்லை.

நிக்சன் பாதி, நிக்சன் மீதி

போதைப் பழக்கத்தை ‘முதல் எதிரி’ என்று 1971 ஜூன் 17-இல் அறிவித்த அதிபர் நிக்சனைத்தான் போதைப்போரின் தந்தை என்பார்கள். அதே நாளில் அவர் அறிமுகப்படுத்திய ஆள் ஜெரோம் ஜாஃபி, சிகாகோவில் மெத்தடோன் என்ற மாற்று மருந்துச் சிகிச்சை நடத்திய மனநல டாக்டர். நிக்சன் காலத்தில் சில ஆண்டுகள் போதைத் தடுப்பு நிதியில் பாதிக்கும் மேல் சிகிச்சைக்கும் தடுப்புக்கும் போனது. போலீஸுக்குப் போனது குறைவு. பின்னால் வந்தவர்கள் அந்தத் தராசைத் தலைகீழாக்கினார்கள்.

ஒரு அவுன்ஸுக்கு ஆயுள்

நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லர் 1960-களில் சிகிச்சைக்குப் பணம் கொட்டிப் பார்த்தவர். பலன் இல்லை என்று வெறுத்துப்போய் 1973-இல் நேரெதிர் திசைக்குப் போனார். ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஹெராயின் விற்றால் குறைந்தது 15 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கொலைக்கு நிகரான தண்டனை. இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடிக் கைதான ஒரு மாநில செனட்டர் டேவிட் பேட்டர்சன். அவரே ஆளுநராகி, 2009-இல் அந்தக் கட்டாயத் தண்டனைகளில் பலவற்றை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

தப்பான போதைக்கு எழுதிய சட்டம்

1986 ஜூனில், பாஸ்டன் கூடைப்பந்து அணி தேர்ந்தெடுத்த இரண்டே நாளில் லென் பயஸ் என்ற 22 வயது வீரர் கோகெய்னால் இறந்தார். தெருவில் விற்கும் ‘கிராக்’ என்ற கட்டிக் கோகெய்ன்தான் கொன்றது என்று பேச்சு பரவியது. சில மாதத்தில் காங்கிரஸ் சட்டம் போட்டது: 5 கிராம் கிராக் என்றால் 5 ஆண்டு கட்டாயச் சிறை, அதே 5 ஆண்டுக்குப் பொடி கோகெய்ன் 500 கிராம் வேண்டும். கிராக் வழக்குகளில் சிக்கியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். பயஸ் எடுத்ததோ பொடி கோகெய்ன். நூறுக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தை 18-க்கு ஒன்றாகக் குறைக்க 2010 வரை ஆயிற்று. ஒன்றுக்கு ஒன்று இன்னும் ஆகவில்லை.

கைதட்டும் நீதிபதி

1989-இல் மயாமியில் முதல் போதை நீதிமன்றம் தொடங்கியது. சிறைக்குப் பதில் சிகிச்சை. வாரா வாரம் சிறுநீர்ச் சோதனை, நீதிபதி முன் ஆஜர். சுத்தமாக இருந்தால் நீதிபதியே கைதட்டுவார், வழுக்கினால் சில நாள் உள்ளே. இன்று நாடு முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தேறக்கூடியவர்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்ற புகாரும் கூடவே இருக்கிறது, அது வெறும் பொறாமைப் பேச்சல்ல.

ஒரே நாளில் நாலு மாநிலம்

2000 நவம்பர் 7. அதிபர் தேர்தலில் புஷ்ஷா கோரா என்று உலகம் பார்த்துக்கொண்டிருந்த அன்றே, நாலு மாநில வாக்குச் சீட்டுகளில் போதைச் சட்டமும் இருந்தது. செலவை ஏற்றவர்களில் முக்கியமானவர்கள் மூன்று பணக்காரர்கள்: ஜார்ஜ் சோரோஸ், காப்பீட்டு அதிபர் பீட்டர் லூயிஸ், ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் நிறுவிய ஜான் ஸ்பெர்லிங்.

கலிஃபோர்னியாவில் 36-ஆம் எண் முன்மொழிவு. சரக்கு வைத்திருந்ததாக முதல் இரண்டு தடவை பிடிபட்டால் சிறை இல்லை, சிகிச்சை. இதற்காக ஆண்டுக்கு 12 கோடி டாலர். எதிர்த்தவர்களின் முகமாக நின்றவர் நடிகர் மார்ட்டின் ஷீன். தன் மகன் சார்லி நன்னடத்தை விதியை மீறியபோது தானே போய்ப் புகார் கொடுத்த அப்பா அவர். சிறை பயம் இல்லாவிட்டால் எவனும் சிகிச்சையில் உட்கார மாட்டான் என்பது அவர் பட்டறிவு. மக்கள் 61 சதவீதம் ஆதரித்து வாக்களித்தார்கள். பிறகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது இரு தரப்புமே ஓரளவு சரி: போட்ட ஒரு டாலருக்குச் சுமார் இரண்டரை டாலர் அரசுக்கு மிச்சம், ஆனால் சிகிச்சையை முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். நிதி நெருக்கடி வந்தபோது முதலில் வெட்டுப்பட்டது அந்தச் சிகிச்சைப் பணம்.

ஒரிகனும் உட்டாவும் பறிமுதல் பக்கம் கை வைத்தன. தண்டனை இல்லாமல் பறிமுதல் கூடாது, பணம் போலீஸுக்குப் போகக் கூடாது என்று ஒரிகன். பணம் பள்ளிக்கூட நிதிக்குப் போகட்டும் என்று உட்டா. இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத ஆதரவு. உட்டாவில் நாலே வருஷத்தில் சட்டமன்றம் அந்தப் பணத்தைக் காவல் துறைப் பக்கமே திருப்பிவிட்டது.

இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டப் பார்த்தது மாசசூசெட்ஸ். 8-ஆம் எண் கேள்வி: பறிமுதல் பணம் சிகிச்சை நிதிக்குப் போகட்டும், அந்த நிதியில் கைதிகளைக் குணப்படுத்துவோம். யோசனை சுத்தமாக இருந்தது. ஆனால் சிறு வியாபாரிகளும் சிகிச்சை கேட்டுத் தப்பலாம் என்று ஒரு வாசகத்தை உள்ளே வைத்துவிட்டார்கள். அரசு வழக்கறிஞர்களுக்கு அந்த ஓட்டை போதும். ‘வியாபாரிக்கு விடுதலையா?’ என்று ஒரே பாட்டு. நாலில் தோற்றது அது ஒன்றுதான், அதுவும் சில சதவீதத்தில்.

அதே எண், வேறு கதை

24 வருஷம் கழித்து, 2024 நவம்பரில், கலிஃபோர்னியாவில் மறுபடி 36-ஆம் எண் முன்மொழிவு. இந்தத் தடவை எதிர்த் திசை. மூன்றாம் தடவை சரக்குடன் பிடிபட்டால் பெருங்குற்றம், சிகிச்சையை ஏற்று முடித்தால் வழக்கு தள்ளுபடி, இல்லையேல் கம்பி. 68 சதவீத ஆதரவு. சிகிச்சைக்கென்று தனிப் பணம் ஒரு டாலர்கூட அதில் ஒதுக்கவில்லை.

கூப்பிடாத தொலைபேசி

2021 பிப்ரவரி முதல் ஒரிகனில் சொந்த உபயோகத்துக்குச் சரக்கு வைத்திருப்பது குற்றமில்லை என்றானது. பிடிபட்டால் 100 டாலர் அபராதச் சீட்டு, ஓர் உதவி எண்ணுக்கு ஃபோன் செய்தால் அதுவும் தள்ளுபடி. ஓராண்டுக்கு மேல் ஆகியும் அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் நூற்றுச் சொச்சம். கஞ்சா வரியிலிருந்து சிகிச்சைக்கு ஒதுக்கிய பணம் மையங்களுக்குப் போய்ச் சேருவதற்குள் ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைமருந்து ஊரில் குடியேறிவிட்டது. 2024 செப்டம்பரில் மறுபடி குற்றமாக்கினார்கள். போர்ச்சுகலைப் பார்த்துத்தான் செய்தோம் என்றார்கள். போர்ச்சுகலில் இருந்த ஒன்று இங்கே இல்லை.

சீருடை இல்லாத விசாரணை

அந்த ஒன்று, ஆட்கள். போர்ச்சுகல் 2001 ஜூலை முதல் பத்து நாள் உபயோக அளவை, அதாவது ஹெராயின் என்றால் 1 கிராம், கஞ்சா என்றால் 25 கிராம், குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அனுமதி என்று பொருளில்லை. போலீஸ் பிடிக்கும், சரக்கைப் பறிக்கும், ஆளைச் சுகாதாரத் துறைக்குக் கீழே வரும் ஒரு குழு முன் போகச் சொல்லும். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: சட்டம் படித்தவர், மனநலம் அல்லது மருத்துவம் படித்தவர், சமூகப் பணியாளர். கூண்டு இல்லை, கறுப்பு அங்கி இல்லை. எப்போதாவது புகைப்பவனை எச்சரித்து அனுப்புவார்கள். அடிமையானவனுக்கு அந்த இடத்திலேயே சிகிச்சைக்கு வழி செய்வார்கள். ஜுவாவ் கூலாவ் என்ற குடும்ப டாக்டர் உட்பட நிபுணர் குழு எழுதிய திட்டம் அது. சட்டம் வரும்போதே மருந்து, படுக்கை, ஊழியர் எல்லாம் கூடவே பெருகின. ஊசி வழி எச்ஐவி தொற்று பெருமளவு சரிந்தது. பத்தாண்டு கழித்துச் சிக்கன நடவடிக்கையில் நிதியைக் குறைத்ததும் தெருவோர ஊசி திரும்ப எட்டிப்பார்த்தது என்பதையும் அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள்.

மாநிலம் மூடிய கதவு, மத்திய அரசின் ஜன்னல்

நியூ மெக்சிகோ 2015-இலும், நெப்ராஸ்கா 2016-இலும், மெய்ன் 2021-இலும் சிவில் பறிமுதலை ஒழித்தன. ஆனால் பல மாநிலங்களில் உள்ளூர்ச் சட்டம் இறுக்கினாலும், வழக்கை மத்திய அரசிடம் கொடுத்து 80 சதவீதம் வாங்கிக்கொள்ளும் வழி திறந்தே கிடக்கிறது. 2015-இல் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் அதை ஓரளவு சாத்தினார். 2017-இல் ஜெஃப் செஷன்ஸ் திறந்துவிட்டார். 2024-இல் உச்ச நீதிமன்றம், காரைப் பிடித்ததும் ‘வைத்துக்கொள்ளலாமா’ என்று உடனடி விசாரணை நடத்த வேண்டிய கட்டாயமில்லை என்று 6-க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. அலபாமாவில் மகன் ஓட்டிப்போன காரை இழந்த ஒரு தாயின் வழக்கு அது.

நம் சட்டப் புத்தகத்தில்

மாசசூசெட்ஸ் மக்கள் 2000-இல் நிராகரித்த யோசனை இந்தியச் சட்டத்தில் 1989 முதல் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைமருந்துச் சட்டத்தின் 7ஏ பிரிவு: போதைக் கடத்தலில் சேர்த்த சொத்தைப் பறிமுதல் செய்து விற்ற பணம் தேசிய நிதி ஒன்றுக்குப் போக வேண்டும். கடத்தல் தடுப்போடு, அடிமையானவர்களைக் கண்டறிந்து சிகிச்சை தருவதும் அந்த நிதியின் வேலை. பிடித்த ஸ்டேஷனுக்குப் பங்கு என்ற பேச்சு அதில் இல்லை. எழுத்தில் அமெரிக்காவைவிட நாம் முன்னே. ஆனால் அந்த நிதியின் பெயரைக் கேள்விப்பட்ட மறுவாழ்வு மையம் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

இன்னொரு பிரிவு 64ஏ. போதைக்கு அடிமையானவர், உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினால், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றுக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிறிய அளவு என்றால் ஹெராயினில் 5 கிராம் வரை, கஞ்சாவில் 1 கிலோ வரை. ஸ்டேஷனில் யாரும் இதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். வீட்டார்தான் வக்கீலிடம் கேட்க வேண்டும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம் என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது.